முணுமுணுப்புக்கு ஒரு மாப்பிள்ளை

அரிமளத்தில் என் தங்கை வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடக்கிறது. அதை வாங்கிக் கொடுத்தவன் நான். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக நுழைந்து வட்டாட்சியராக வெளியே வந்தவன். எந்த மனுவை எந்த மேசையில் வைத்தால் நகரும், எந்த மேசையில் வைத்தால் உறங்கும் என்பது எனக்கு மனப்பாடம். இணையத்தில் பதிந்து, மருத்துவக் குழு கூடும் நாளை விசாரித்து, மனநல மருத்துவர் எழுதிய சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, தங்கையின் மூத்த மகளை அழைத்துப் போனேன். குழு கூடிய அன்று தங்கை அவளுக்குத் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்து, புதுச் சேலை கட்டிவிட்டிருந்தாள்.

"பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போறோம்?" என்று கேட்டேன்.

"நாலு பேரு பாக்குற எடம்ணே," என்றாள்.

நோய் இருக்கிறது என்று சான்று வாங்கப் போகும்போதும் நோய் இருப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது. குழுவில் இருந்த மருத்துவர் பூவையும் சேலையையும் பார்த்துவிட்டுச் சற்றே குழம்பித்தான் போனார். அப்புறம் கேள்விகள் கேட்டார், கையெழுத்துப் போட்டார். அட்டை வந்தது. வந்த அன்றே அது பீரோவுக்குள் போனது. அந்த அட்டையைக் காட்டினால் என்னென்ன சலுகை, எங்கே பதிய வேண்டும், எந்த வேலைக்கு ஒதுக்கீடு என்று தங்கையிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாஞ் சரிண்ணே. அதைக் காட்டுனாத்தானே?"

சின்னவளுக்கு அப்போது இலுப்பூர்ப் பக்கம் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நன்றாக விசாரிக்கிறவர்கள் என்று கேள்வி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு விசாரிக்கிற விதத்தைப் பார்த்தால், பணியில் இருந்த காலத்தில் நான் நடத்திய விசாரணைகளெல்லாம் வெறும் குசல விசாரிப்புகள்தான்.

மூத்தவளுக்கு நோய் வந்தது கல்லூரியில் கடைசி ஆண்டு. வணிகவியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுதிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். பிறகு அவருக்குப் பதில் சொல்லவும் தொடங்கினாள். வழக்கமான சுற்றுப்பயணம் முதலில் நடந்தது: கோயில், கயிறு, எலுமிச்சம்பழம், திருச்சிப் பக்கம் ஒரு சாமியார். எல்லாம் முடிந்து, என் மைத்துனரும் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மருத்துவரிடம் வந்தார்கள். மாத்திரையில் குரல் அடங்கியது. அடங்கிய பிறகு மிச்சமிருந்ததுதான் யாருக்கும் புரியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவை எடுக்கப் போவாள். டப்பா முன்னால் போய் நின்றதும் எதற்காக வந்தோம் என்பது போய்விடும். அடுப்பில் பால் பொங்கும். ஒரே நேரத்தில் மூன்று காரியம் சொன்னால் மூன்றும் நடக்காது. குரல் கேட்டவரை அவளை நோயாளி என்றார்கள். குரல் போனதும் சோம்பேறி என்றார்கள். பதவி உயர்வு போலத்தான் சொன்னார்கள்.

அவளுக்கு முப்பது தாண்டியபோது ஒருநாள் என்னிடம் சொன்னாள்:

"எனக்கு ஒரு வேலை வேணும் மாமா. பெருசா ஒண்ணுமில்ல. காலைல குளிச்சிட்டு, டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு, 'வாரேம்மா'ன்னு சொல்லிட்டுக் கெளம்பணும். அவ்வளவுதான்."

நாற்பது வருடம் மனு வாங்கிய கை இது. இவ்வளவு தெளிவான மனுவை நான் வாங்கியதில்லை.

புதுக்கோட்டையில் அந்தச் சமயம் ஒரு பகல்நேர மையம் திறந்திருந்தார்கள். ஒரு வாடகை வீட்டின் மாடி. திறப்பு விழாவுக்கு ஓய்வுபெற்றவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு, சால்வை, 'மனநோயர் மறுவாழ்வு' என்று எழுதிய பேனர். பேனருக்குக் கீழே மறுவாழ்வு பெற வேண்டியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வெயிலில் உட்கார்ந்திருக்க, ஏற்கெனவே நல்வாழ்வு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் மேடையில் மின்விசிறிக்கு அடியில் பேசினார்கள். போட்டோ எடுத்ததும் மேடை காலியானது. இது இன்னும் எத்தனை மாதத்துக்கு என்று எண்ணிக்கொண்டே நான் படியிறங்கினேன்.

ஆனால் அங்கே பயிற்சி கொடுத்த பெண் வேலை தெரிந்தவள். உளவியலில் மேற்படிப்பு முடித்து ஒப்பந்தத்தில் வந்தவள். மற்றவர்களுக்கு நிலையான வேலை தேடித் தருவது அவள் பணி; அவளுடைய வேலையையோ வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மூத்தவளை அங்கே சேர்த்தபோது அவள்தான் எனக்கு விளக்கினாள்.

"குரல் கேக்குறத மாத்திரை பாத்துக்கும் சார். கவனம், ஞாபகம், ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுன்னு திட்டம் போடுறது, இதுக்கெல்லாம் மாத்திரை இல்ல. பழக்கணும். கை ஒடிஞ்சா கட்டு அவுத்தப்புறம் வெரலைப் பழக்குறாங்கள்ல, அது மாதிரி."

கம்ப்யூட்டரில் விளையாட்டு வைத்திருந்தார்கள். சிவப்பு வட்டம் வந்தால் தட்ட வேண்டும், நீல வட்டம் வந்தால் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் கடினமாம். எங்கள் அலுவலகத்தில் அதற்குத் தேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இன்னொரு பயிற்சி: ஊரில் ஒரே காலையில் முடிக்க வேண்டிய வேலைகளைக் கொடுத்து, எந்த வரிசையில் போவது என்று கேட்பார்கள். தபால் நிலையம், ரேஷன் கடை, மின்கட்டணம், காய்கறி. மூத்தவள் போட்ட வரிசையைப் பயிற்சிப் பெண் சரி என்றாள். நான் சும்மா இருக்க முடியாமல், "அந்த நேரத்துக்கு ரேஷன் கடையில கைரேகை மிஷின் வேலை செய்யாதும்மா," என்றேன்.

"மாமா, இது கம்ப்யூட்டர்ல இருக்குற ரேஷன் கடை," என்றாள் என் மருமகள். "இங்கிட்டு எல்லாம் வேலை செய்யும்."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முக்கியமான பாடம் கம்ப்யூட்டரில் இல்லை. செய்யப்போகும் வேலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். முதலில் சத்தமாக, பழகியதும் மெல்ல, கடைசியில் மனசுக்குள். 'அடுப்பைப் பத்த வை. பாலை வை. இங்கேயே நில்லு. பொங்குதா பாரு. அணை.' சொல்லிக்கொண்டு செய்தால் அவள் கை தவறவில்லை. பால் பொங்கி வழிவது நின்றது. பேருந்தில் இறங்குமிடம் தவறுவது நின்றது. ஆனால் கடைசிப் படிக்கு அவள் போகவில்லை. மனசுக்குள் சொன்னால் நூல் அறுந்துவிடுகிறது. உதடு அசைந்து, மெல்லிய முணுமுணுப்பாவது காதில் விழுந்தால்தான் வேலை ஓடுகிறது.

"பரவால்ல சார்," என்றாள் பயிற்சிப் பெண். "சில பேரு அந்த எடத்துலயே நின்னுடுவாங்க. வேலை சரியா நடக்குதுல்ல? கணக்குப் போடும்போது நாம எல்லாருமே வாயை அசைக்கிறோம்தானே."

நேர்முகத் தேர்வுக்கும் ஒத்திகை வைத்தார்கள். முதலாளியாக நடிக்க ஆள் இல்லையென்று என்னை உட்கார வைத்தார்கள். அதிகாரியாக முறைப்பதற்கு எனக்கு ஒத்திகை வேண்டியிருக்கவில்லை.

"இத்தன வருஷமா ஏன் வேலைக்குப் போகலை?" என்றேன்.

அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள்: "கேள்விய முழுசாக் கேளு. ஒரு மூச்சு விடு. பதிலச் சொல்லு." பிறகு நிமிர்ந்து, "வீட்டுல அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு சார். இப்ப வேலை செய்யத் தயாரா இருக்கேன்," என்றாள். மறுபடி குனிந்து, "இப்பச் சிரி," என்று தனக்குச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பயிற்சிப் பெண்ணும் சிரித்தாள். மூத்தவளும் எங்களோடு சேர்ந்து இன்னொரு முறை, யாரும் சொல்லாமலேயே, சிரித்தாள்.

வேலை தேடும் கட்டத்தில்தான் சிக்கல் வந்தது. மையத்தின் நடைமுறைப்படி முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பயிற்சிப் பெண் வேலையிடத்துக்கு வந்து பார்க்கலாம், எந்தப் பாடத்தை மாற்ற வேண்டும் என்று தீர்மானிக்கலாம், ஏதாவது தகராறு என்றால் முதலாளியோடு பேசலாம். நல்ல நடைமுறை. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். தங்கையிடம் சொன்னேன்.

"முதலாளிக்குச் சொன்னா அவரு பொண்டாட்டிக்குத் தெரியும். பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா பொன்னமராவதி வரைக்கும் தெரியும். எலுப்பூருக்குத் தெரியாதாண்ணே? பெரியவளுக்கு வேலைய வாங்கிக் குடுத்துட்டுச் சின்னவளை வீட்டுலயே வச்சுக்கச் சொல்றீங்களா?"

மூத்தவள் அடுக்களை வாசலில் நின்றாள். அவளைக் கேட்டேன். "அம்மா சொல்றபடியே இருக்கட்டும் மாமா. வேலை கெடச்சாப் போதும்," என்றாள். பயிற்சிப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். அவள் வாதாடவில்லை. "சரி சார். ஆனா ஏதாவது ஆச்சுன்னா நான் அங்க வந்து நிக்க முடியாது," என்று மட்டும் சொன்னாள்.

வேலை எங்கள் ஊர் வழக்கப்படி, உறவு வழியாகக் கிடைத்தது. புதுக்கோட்டையில் ராஜ வீதிகளுக்குப் பின்புறம் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடை. முதலாளியின் மனைவி, இறந்துபோன என் மைத்துனருக்குத் தங்கை முறை. என் தங்கையை மதினி என்பாள். என்னை முறை சொல்லிக் கூப்பிட வேண்டியவள்தான். ஆனால் ஜீப்பில் போனவனை யாரும் முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் எல்லாருக்கும் 'சார்'தான்.

சிற்றூர் மருந்துக் கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களைப் பின்கட்டில் எடுத்து அடுக்குவது அவள் வேலை. அவளுக்காகவே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. சீட்டைப் பார், பேரைப் படி, மில்லிகிராமைப் பார், தேதியைப் பார், பெட்டியில் வை. ஒன்றுக்கப்புறம் ஒன்று, ஒவ்வொரு சீட்டுக்கும் அதேதான். மற்றவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை. இவள் சலிக்காமல் செய்தாள். தவறாகப் போய்த் திரும்பி வரும் பெட்டிகள் குறைந்துவிட்டதாக முதலாளியே என்னிடம் சொன்னார்.

"என் மாத்திரை எவ்வளவு போகுது தெரியுமா மாமா?" என்று ஒருநாள் கேட்டாள். "கீரனூருக்குப் போகுது, திருமயத்துக்குப் போகுது, கறம்பக்குடிக்குப் போகுது. அத்தன பேரும் பீரோவுலதான் வச்சிருப்பாங்க போல."

முணுமுணுப்பு அவளுக்கே கவலையாக இருந்தது. முதல் வாரத்திலேயே அடுத்த அலமாரியில் நின்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். அதற்கு வழியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். மாலையில் பேருந்து நிலையத்தில் அவளை அரிமளம் பேருந்தில் ஏற்றிவிட நின்றுகொண்டிருந்தேன். எதிரே ஒருவர் வெறும் காற்றைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிக் கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அவரு யாரோட பேசுறாரு மாமா?"

"போன்ல யாரோடயோ."

"எப்புடிச் சொல்றீங்க? போனைக் காணோமே."

"காதுல மாட்டியிருக்காரு பாரு."

அவள் அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேருந்து நிலையத்துக் கடையில் காதில் செருகும் புளூடூத் கருவி ஒன்றை வாங்கினாள். போனோடு இணைக்கக்கூட இல்லை. சார்ஜ் போட்டதும் இல்லை. காதில் மாட்டிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தச் சின்னக் கறுப்புப் பொத்தானைக் காதில் வைத்தவுடன் அவள் முணுமுணுப்பு நோய் என்ற தலைப்பிலிருந்து போன் என்ற தலைப்புக்கு மாறிவிட்டது. மருத்துவக் குழு வேண்டியிருக்கவில்லை, கையெழுத்து வேண்டியிருக்கவில்லை. என் பணிக்காலத்தில் இவ்வளவு சுருக்கமான நடைமுறையை நான் கண்டதில்லை. பயிற்சிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கைதட்டியே விட்டாள்.

சில மாதங்கள் இப்படிப் போயின. காலையில் டிபன் பாக்ஸ், 'வாரேம்மா', பேருந்து, சீட்டு, பெட்டி. முகத்தில் சதை பிடித்தது. தங்கையும் நிம்மதியாகத் தெரிந்தாள். இலுப்பூர் வரனும் முடிவுக்கு வந்தது. ஒரே ஒரு கேள்விதான் அவர்கள் பக்கம் மிச்சமிருந்தது. மூத்தவள் இருக்க இளையவளுக்கு ஏன் முதலில்? தங்கை, 'பாத்துக்கிட்டிருக்கோம்' என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அரிமளத்தில் இருந்தேன். காரில் முதலாளியின் மனைவி வந்து இறங்கினாள். கையில் பூவும் பழமும். முகத்தில் மட்டும் அதற்குப் பொருந்தாத ஏதோ இருந்தது. காபி குடிக்கும்வரை வெயிலைப் பற்றிப் பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மதினி, நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. எம் மகளா இருந்தா நான் சொல்ல மாட்டனா? புள்ள நல்லாத்தான் வேலை பாக்குது. ஆனா காலைல வந்து காதுல மாட்டுனா சாயங்காலம் வரைக்கும் ஒரே பேச்சு. ரகசியமா. வாய் ஓயவே இல்ல. பயலுக சிரிக்கிறானுக. எங்க வீட்டு அவுகளுக்கும் எப்புடிக் கேக்குறதுன்னு தெரியல. அதான் நான் வந்தேன்." காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். "யாரு மதினி அந்தப் பையன்?"

அறைக் கதவுக்குப் பின்னால் மூத்தவள் நிற்பது எனக்குத் தெரிந்தது. கதவுக்குக் கீழே அவள் பாதம் தெரிந்தது. நான் தொண்டையைச் செருமினேன். சொல்ல வேண்டியது இரண்டே வரி: அது போன் இல்லை, பயிற்சி. ஆனால் பயிற்சி என்றால் எதற்கு என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் பீரோவில் இருந்தது. நான் தங்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஒங்கிட்டச் சொல்லாம யாருகிட்டச் சொல்லப் போறேன் தாயி," என்றாள் தங்கை. "நாங்களே சொல்லணும்னுதான் இருந்தோம். அவளுக்கு ஒரு எடம் பேசி முடிச்சிருக்கோம். மாப்பிள்ளதான் போன்ல பேசுது."

முதலாளி மனைவியின் முகம் விளக்குப் போட்டதுபோல் மாறியது.

"அட! சொல்லவே இல்ல பாத்தீங்களா! நம்ம ஆளுகதானே?"

"பின்னே? நம்ம ஆளுகதான்."

"பையன் எங்கிட்டு இருக்கு?"

"துபாய்ல."

"என்ன வேலை?"

தங்கை ஒரு கணம் தடுமாறினாள். "கம்பெனியில சூப்பர்வைசர்," என்றாள். "ஒடனே லீவு கெடைக்கல. அதான் சின்னவளுக்கு முந்திப் பண்ணிடலாம்னு."

என் மருமகளுக்கு ஒரு வேலை வாங்க எத்தனை வருடம், எத்தனை மாத்திரை, எத்தனை சிவப்பு வட்டம். இந்த மாப்பிள்ளைக்குக் காபித் தம்ளர் காய்வதற்குள் சாதி கிடைத்தது, வேலை கிடைத்தது, விசாவும் கிடைத்தது. இல்லாதவனாக இருப்பதில் எவ்வளவு வசதி.

"என்ன சார், நீங்களும் வாயத் தொறக்கல!" என்று முதலாளி மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நான் சொன்னதை அவள் கேட்கவுமில்லை. அவள் வேறொரு யோசனைக்குப் போயிருந்தாள்.

"அப்பன்னா மதினி, நாளையிலேர்ந்து புள்ளைய அனுப்பாதீங்க. கல்யாணம் ஆகப்போற பொண்ணு. பின்கட்டுல அத்தன ஆம்பளப் பயலுகளுக்கு நடுவுல பெட்டி தூக்கிக்கிட்டு நிக்குறத மாப்பிள்ள வீட்டுல யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க? நாளைக்கு ஒண்ணுன்னா எங்களுக்கும்ல பேரு. வீட்டுல வச்சு நாலு சமையல் கத்துக் குடுங்க. நான் அவுககிட்டச் சொல்லிக்கிறேன்."

"அதெல்லாம் மாப்பிள்ள ஒண்ணும் சொல்லாதும்மா," என்று தங்கை அவசரமாகச் சொன்னாள். "அது படிச்ச பையன். வேலைக்குப் போகட்டும்னுதான் சொல்லுது."

"பையன் சொல்லும் மதினி. பையனோட ஆத்தா சொல்லுவாளா?"

தங்கையால் மாப்பிள்ளையை உண்டாக்க முடிந்தது. அவன் அம்மாவைச் சமாளிக்க முடியவில்லை. முதலாளி மனைவி எழுந்தாள். கதவைத் தட்டி மூத்தவளைக் கூப்பிட்டு, கொண்டுவந்த பூவை அவள் தலையிலேயே வைத்தாள். "நல்லா இரு ஆத்தா," என்று கன்னத்தைத் தொட்டாள். உண்மையான அன்பு அது. குறை சொல்ல வந்தவள் வாழ்த்திவிட்டு, வாழ்த்தோடு வாழ்த்தாக வேலையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

கார் போன சத்தம் அடங்கியதும் மூத்தவள் தலையிலிருந்த பூவை எடுத்து மேசையில் வைத்தாள். கத்தவில்லை. கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"இல்லாத ஆளோட பேசுறேன்னுதானேம்மா எனக்கு மாத்திரை குடுத்தீங்க. நானும் அப்புடி யாரும் இல்லன்னு ஒத்துக்கிட்டு முழுங்குறேன். இப்ப நீங்களே ஒருத்தரக் கொண்டாந்து வச்சிருக்கீங்க."

"ஒந் தங்கச்சிக்காகத்தான்டி. வேற என்ன சொல்லச் சொல்ற? பைத்தியம்னு சொல்லவா?" தங்கை அழுதுகொண்டே அடுக்களைக்குப் போனாள். அங்கே பாத்திரத்தைத் தேய்க்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மறுநாள் நான் மூத்தவளிடம் சொன்னேன். முதலாளி யோசிக்கத் தெரிந்தவர். நானும் பயிற்சிப் பெண்ணும் போய் அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்கிறோம். சட்டம் இருக்கிறது. சட்டத்தைக்கூட இழுக்க வேண்டியதில்லை, அவளுடைய வேலையே போதும்.

அவள் யோசித்துப் பார்த்தாள். யோசிக்கும்போது உதடு அசைந்தது.

"வேணாம் மாமா. சொல்லிட்டு அங்கிட்டுப் போனேன்னா எல்லாரும் என் வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. கையப் பாக்க மாட்டாங்க. ஒரு பொட்டி தப்பாப் போனாலும் அதுக்கும் நோய்தான் காரணம்பாங்க." பிறகு, "தங்கச்சி கல்யாணம் வேற நிக்குது," என்றாள்.

மையத்துக்காவது திரும்பப் போகலாம் என்றால், கல்யாணம் நிச்சயமான பெண் அந்தப் படியில் ஏறுவதை யாரேனும் பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று தங்கை தடுத்துவிட்டாள். இப்போது காப்பாற்ற வேண்டியவர் பட்டியலில் துபாய்க்காரனும் சேர்ந்திருந்தான். அவன் மானம் போய்விடக் கூடாது.

பயிற்சிப் பெண் எனக்குப் போன் செய்தாள்.

"சார், மையத்துப் பதிவேட்டுல அவங்க பேர முடிக்கச் சொல்றாங்க. காரணம் போடணும். வேலை கெடச்சது, நோய் திரும்பிருச்சு, ஊர் மாறிட்டாங்க, திருமணம். இந்த நாலுதான் இருக்கு."

"திருமணம்னு போட்டுரும்மா."

"எப்புடி சார், மனசறிஞ்சு..."

"வேற எதுலயும் அது அடங்காதும்மா. அடங்காததை எதுல அடக்குறதுன்னுதான் நான் நாப்பது வருஷம் சம்பளம் வாங்குனேன்."

அவள் சிரிக்கவில்லை. தன்னுடைய ஒப்பந்தமும் மார்ச்சோடு முடிகிறது என்று சொல்லிவிட்டு வைத்தாள். மையம் அந்த வருடம் திருமணத்தைத் தன் வெற்றிகளில் ஒன்றாகக் காட்டியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

துபாய்க்காரன் மட்டும் நன்றாக வளர்ந்தான். முதலாளி மனைவி வழியாகச் செய்தி இலுப்பூருக்குப் போய், அவர்களுடைய கடைசிக் கேள்விக்கும் பதிலாகிவிட்டது. மூத்தவளுக்கு நிச்சயமாகிவிட்டதென்றால் அப்புறமென்ன? தங்கை போகிற வீட்டில் எல்லாம் அவனுக்கு ஒரு சங்கதி சேர்த்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு ஓவர்டைம் இருந்தது, சைட்டு மாறியது, ஒருமுறை காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் வந்த அன்று மூத்தவள் என்னிடம், "பாவம் மாமா, மாத்திரை சாப்புட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றாள். கேலிதான் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அதிலிருந்து என்னால் எதையும் படிக்க முடியவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது, அவள் தனக்கு வெளிநாட்டில் மாப்பிள்ளை இருப்பதாகச் சொன்னால் அது நோய் இல்லை, குடும்பம்தான் என்று நானே முன்கூட்டித் தெரிவித்துவைத்தேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை, பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

சின்னவளின் கல்யாணம் இலுப்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மூத்தவளுக்குத் தங்கை தன் பட்டுப்புடவைகளில் ஒன்றைக் கட்டிவிட்டிருந்தாள். அட்டைக்கு மேலே மடித்துவைத்திருந்ததாகத்தான் இருக்கும். முகூர்த்தம் முடிந்து, முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் சும்மா உட்காராமல் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தாள். "எலையப் பாரு. தம்ளர வை. தண்ணி ஊத்து. அடுத்த எலை." என்னை நெருங்கும்போது எனக்குக் கேட்டது. காதில் கருவி இல்லை. கல்யாண மண்டபத்துச் சத்தத்தில் அதற்குத் தேவையும் இல்லை. ஒரு சொட்டு சிந்தாமல் வந்தாள். அந்த வரிசையில் அவளைவிட ஒழுங்காக வேலை செய்தவர்கள் யாருமில்லை. அதற்குச் சம்பளமும் இல்லை.

என் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். விசாரிக்கிற குடும்பத்திலேயே நன்றாக விசாரிக்கிறவள் என்று பார்த்ததுமே தெரிந்தது. மூத்தவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீதானே மூத்தவ? ஒம் மாப்பிள்ள தொவாயிலேர்ந்து எப்ப வருது? தங்கச்சி கல்யாணத்துக்குக்கூடவா லீவு குடுக்கல?"

எதிர்வரிசையில் தங்கை அப்படியே நின்றுவிட்டாள். அவள் கையிலிருந்த வாளிக் கரண்டியிலிருந்து பாயசம் இலையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.

மூத்தவள் தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தலை குனிந்தாள். வெட்கப்படுகிறாள் என்றுதான் அந்தப் பெரியம்மா நினைத்திருப்பாள். உதடு அசைந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

"கேள்விய முழுசாக் கேளு. ஒரு மூச்சு விடு. பதிலச் சொல்லு."

நிமிர்ந்தாள்.

"கேட்டுருக்காரும்மா. அடுத்த வருஷந்தான் குடுப்பாங்களாம்."

பெரியம்மா திருப்தியாகத் தலையை ஆட்டினாள். மூத்தவள் மறுபடி குனிந்து, என் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இப்பச் சிரி," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.